பணிக்கர் எழுதிவைத்ததும் டெல்லி பூட்டிவைப்பதும்

1950 அக்டோபர் 2 இரவு, நள்ளிரவு தாண்டிய நேரம். பீகிங்கில் உறங்கிக்கொண்டிருந்த இந்தியத் தூதர் கே.எம். பணிக்கரை எழுப்பி, சீனப் பிரதமர் சூ என்லாய் உடனே பார்க்க விரும்புவதாகச் சொல்லி அழைத்துப் போனார்கள். பிரதமர் சொன்ன செய்தி சுருக்கமானது: கொரியாவில் அமெரிக்கப் படை 38-வது அட்சரேகையைத் தாண்டினால் சீனா போரில் இறங்கும், தென்கொரியப் படை மட்டும் தாண்டினால் பொருட்படுத்தாது. பணிக்கர் இதை உடனே டெல்லிக்குத் தெரிவித்தார். அங்கிருந்து லண்டனுக்கும் வாஷிங்டனுக்கும் செய்தி போனது. வாஷிங்டன் நம்பவில்லை. இவர் சீனக் கம்யூனிஸ்டுகளுக்குச் சாதகமாகப் பேசுகிறவர், இவர் வாய்வழியாக வருவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை என்று ட்ரூமன் அரசு முடிவு கட்டிவிட்டது. ஒரு வாரத்துக்குள் அமெரிக்கப் படை கோட்டைத் தாண்டியது. அக்டோபர் 19 அன்று சீனப் படை யாலு ஆற்றைக் கடந்தது. போர் 1953 ஜூலை 27 வரை நீண்டது.

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரியும்? பணிக்கரே தன் சீன அனுபவங்களை 1955-ல் நூலாக எழுதிவிட்டார். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் ஆவணங்களைத் தொகுதி தொகுதியாக வெளியிடும் வழக்கத்தை 1861-லேயே தொடங்கியது. 1950-ம் ஆண்டின் கொரியத் தொகுதியைப் புரட்டினால், பணிக்கரின் எச்சரிக்கை எப்படி வந்து சேர்ந்தது, யார் அதை எப்படி எடைபோட்டார்கள் என்று பார்த்துவிடலாம். இந்தியத் தூதர் ஒருவர் தந்த எச்சரிக்கையின் கதையை அவர் தனியாக எழுதிய நூலையும் அந்நிய அரசின் வெளியீட்டையும் வைத்துத்தான் நாம் கோத்துப் பார்க்கிறோம். நம் அரசுப் பணியில் அறிவாற்றல் மிக்கவர்களுக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. அவர்கள் எதை நினைத்தார்கள், ஏன் அப்படி நினைத்தார்கள், எங்கே தவறினார்கள் என்பதைப் பின்னால் வருகிறவர்கள் வாசித்துச் சரிபார்க்க வழி செய்யாததுதான் நம் குறை. ஓர் அதிகாரி வகித்த பதவிகளின் பட்டியலை வைத்து அவர் பணியைச் சிறப்பானது என்று சொல்ல முடியாது. தன் காரணங்களைத் தெளிவாக எழுதிக் கையெழுத்திட்டு விட்டுப் போனாரா என்பதே அளவுகோலாக இருக்க வேண்டும். அப்படி எழுத அவரை அனுமதிப்பதும், எழுதியதைப் பாதுகாத்துத் திறப்பதும் அரசின் கடமை.

இதற்குப் பணிக்கரைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது அரிது. 1895-ல் திருவிதாங்கூரின் காவாலத்தில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் வரலாறு படித்தவர். பத்திரிகை ஆசிரியராக இருந்தவர். பிகானேர் சமஸ்தானத்தின் திவானாக இருந்தவர். தூதராகச் சீனா, எகிப்து, பிரான்ஸ். கடைசிக் காலத்தில் மைசூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். இடையே ஆங்கிலத்தில் வரலாற்று நூல்கள், மலையாளத்தில் நாவல்களும் நாடகங்களும். இந்தியாவின் பாதுகாப்பு இமயமலையோடு முடிவதில்லை, இந்தியப் பெருங்கடலை யார் ஆள்கிறார் என்பதே அதைத் தீர்மானிக்கும் என்று 1945-ல் அவர் எழுதிய சிறு நூலைக் கடற்படைக் கொள்கை பேசுகிறவர்கள் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். விடுதலைக்கு இரண்டு ஆண்டு முன்பு, சொந்தமாகக் கடற்படைக் கொள்கையே இல்லாத நாட்டில் இருந்துகொண்டு எழுதியது அது.

ஆனால் அவர் எழுதியவற்றில் இன்றைய தமிழ் வாசகர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது வேறொன்று. 1953-ல் அமைக்கப்பட்ட மாநிலங்கள் மறுசீரமைப்பு ஆணையத்தில் தலைவர் பசல் அலி, எச்.என். குன்ஸ்ரு ஆகியோருடன் பணிக்கரும் உறுப்பினர். 1955 செப்டம்பரில் தரப்பட்ட அறிக்கையில், உத்தரப் பிரதேசத்தை அப்படியே விட்டுவிடலாம் என்ற பெரும்பான்மை முடிவை ஏற்காமல் அவர் தனிக் குறிப்பு எழுதினார். கூட்டாட்சியில் ஓர் உறுப்பு மற்ற எல்லாவற்றையும்விட மிகப் பெரிதாக இருந்தால் மற்றவர்களின் நம்பிக்கை குலையும் என்பது அவர் வாதம். பிஸ்மார்க் காலத்து ஜெர்மனியில் பிரஷ்யா ஓங்கி நின்றதை எடுத்துக்காட்டி, உத்தரப் பிரதேசத்தைப் பிரித்து ஆக்ரா மாநிலம் அமைக்கலாம் என்றார். அப்போது அந்த மாநிலத்தின் மக்கள்தொகை 6.3 கோடி. குறிப்பை அரசு ஏற்கவில்லை. ஆனால் அது அறிக்கையோடு அச்சாகியிருந்ததால், அதே ஆண்டின் இறுதியில் அம்பேத்கர் மொழிவாரி மாநிலங்கள் பற்றி எழுதிய நூலில் அதை எடுத்துப் பேசினார். வடக்கு ஒன்றாகத் திரண்டு நிற்கத் தெற்கு துண்டுகளாகப் பிரிவதன் ஆபத்தைச் சுட்டிக்காட்டி, உத்தரப் பிரதேசத்தை மூன்றாகப் பிரிக்கச் சொன்னார். இன்று மக்களவையின் 543 இடங்களில் அந்த மாநிலத்துக்கு 80, தமிழ்நாட்டுக்கு 39. தொகுதி மறுவரையறையைப் பற்றித் தென் மாநிலங்கள் எழுப்பும் அச்சத்துக்கு அடிப்படையான தர்க்கத்தை, 70 ஆண்டுகளுக்கு முன்பே ஓர் அரசு ஆணைய உறுப்பினர் அரசு அறிக்கையிலேயே எழுதிவைத்திருக்கிறார். அன்று தோற்றுப்போன கருத்துதான். எழுத்தில் இருந்ததால் இன்றும் வாதாடுகிறது.

உடனே ஒரு வலுவான ஆட்சேபம் வரும். அறிஞர்களைத் தூதராக அனுப்பினால் அவர்கள் தம் கொள்கைக் கண்ணாடி வழியாகத்தான் நாட்டைப் பார்ப்பார்கள். அதற்கும் பணிக்கரே உதாரணம் என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. ஆசியாவில் மேற்கத்திய ஆதிக்கத்தின் யுகம் முடிந்தது என்று நம்பிய வரலாற்றாசிரியருக்கு, புதிய சீனாவை ஐயத்தோடு பார்ப்பது கடினமாக இருந்தது. 1950 அக்டோபரில் சீனப் படை திபெத்துக்குள் புகுந்தபோது அவர் காட்டிய மென்மையை டெல்லியில் பலர் ஏற்கவில்லை. நவம்பர் 7 அன்று சர்தார் படேல் நேருவுக்கு எழுதிய கடிதம், சீனச் செயலுக்கு விளக்கமும் நியாயமும் தேடுவதில் நம் தூதர் பெரும் சிரமம் எடுத்துக்கொண்டார் என்று வெளிப்படையாகவே குறைகூறுகிறது. எல்லைக் கேள்வியை நாமாகக் கிளப்ப வேண்டாம், சீனாவின் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளலாம் என்ற 1952-ம் ஆண்டு நிலைப்பாட்டிலும் அவருக்குப் பங்கு உண்டு. வெளியுறவு அமைச்சகத்தில் முன்பு தலைமைச் செயலராக இருந்த கிரிஜா சங்கர் பாஜ்பாய் இதற்கு எதிராக எச்சரித்தார், எச்சரிக்கை எடுபடவில்லை. 1962-ல் நாம் கொடுத்த விலையின் ஒரு பகுதி இந்தத் தவறில் சேரும். இதை மழுப்பத் தேவையில்லை. ஆனால் பணிக்கர் தவறினார் என்று இவ்வளவு உறுதியாக நம்மால் சொல்ல முடிவதற்குக் காரணம் என்ன? படேலின் கடிதமும் நேருவின் குறிப்புகளும் பணிக்கரின் நூலும் நம் கையில் இருக்கின்றன. கொள்கைக் கண்ணாடி இல்லாத அதிகாரி யாரும் கிடையாது. எழுதாதவருக்கும் அது உண்டு. அவருடையதை நாம் பார்க்க முடியாது, அவ்வளவுதான். எழுதாமல் தவறியவர்களின் தவறுகள் அடுத்த தலைமுறை அதிகாரிகளுக்குப் பாடமாகாமலே மறைந்துபோகின்றன.

இரண்டாவது ஆட்சேபம் தமிழர்களுக்கு நெருக்கமானது. மலையாளியான பணிக்கர் ஆணையத்தில் இருந்ததால்தான் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போயின என்ற குற்றச்சாட்டு தமிழ்நாட்டில் அன்று முதல் இருக்கிறது. 1954 ஆகஸ்ட் 11 அன்று தெற்குத் திருவிதாங்கூரில் துப்பாக்கிச்சூட்டில் உயிர் கொடுத்துப் போராடியவர்களின் மண்ணில் அந்தக் கோபம் எளிதில் தணியாது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவற்றைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கப் பரிந்துரைத்த அதே அறிக்கை, தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களின் தமிழ்ப் பெரும்பான்மை தோட்ட வேலைக்கு வந்தவர்களால் உண்டானது என்றும், பொருளாதாரக் காரணங்களால் அவை கேரளத்துக்கு வேண்டும் என்றும் சொன்னது. நடுநிலை பற்றிய கேள்வி நியாயமானதே. பீகாரோடு தனக்கு நீண்டகாலத் தொடர்பு உண்டு என்பதற்காகத் தலைவர் பசல் அலி, பீகாரின் எல்லைத் தகராறுகளை ஆராய்வதிலும் முடிவெடுப்பதிலும் பங்கெடுக்காமல் ஒதுங்கிக்கொண்டார். அதையும் அறிக்கையில் எழுதிவைத்தார். அந்த மரபைப் பணிக்கரும் பின்பற்றியிருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். இப்படி ஓர் ஒப்பீடு செய்து, ஒரு பெரிய மனிதரை நிறுத்திக் கேள்வி கேட்க நமக்கு வாய்ப்புத் தருவதும் அதே அச்சிட்ட அறிக்கைதான். காரணங்கள் எழுதப்பட்டதால் மறுக்க முடிகிறது. தோட்டத் தொழிலாளிக்கு அந்த மண்ணில் உரிமை இல்லையா என்று கேட்க முடிகிறது. மூடிய அறையில் முடிவெடுத்து எல்லைக்கோட்டை மட்டும் அறிவித்திருந்தால் வதந்தியோடுதான் சண்டையிட்டிருப்போம்.

அரசே வரலாற்றறிஞரை உள்ளே வைத்துக்கொண்டு வேலை வாங்கிய காலமும் இருந்தது. சென்னையில் பிறந்த சர்வபள்ளி கோபால் 1954-ல் வெளியுறவு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவுக்கு இயக்குநரானார். சீனாவுடன் எல்லைத் தகராறு முற்றியபோது, 1959 இறுதியில் லண்டனுக்குச் சென்று பழைய பிரிட்டிஷ் ஆவணங்களைத் தோண்டிப் படித்தார். லடாக்கின் அக்சாய் சின் பகுதி மீதான நம் உரிமை வலுவானது என்று நேருவிடம் சொல்ல அவருக்கு ஆதாரம் கிடைத்தது. 1960-ல் இரு நாட்டு அதிகாரிகள் நடத்திய பேச்சில் இந்தியத் தரப்பின் கனம் பெருமளவு இந்தப் படிப்பிலிருந்து வந்தது. ஆவணத்தில் வென்றதால்தான் நேரு பேச்சில் இறுகிப்போனார் என்று குறைசொல்பவர்களும் உண்டு. சொல்லட்டும், விவாதிக்க இரு தரப்புக்கும் அடிப்படை இருக்கிறது. கோபால் பின்னர் நேருவின் வாழ்க்கையை மூன்று தொகுதிகளாக எழுதினார். நேருவின் தேர்ந்தெடுத்த எழுத்துக்களைத் தொகுத்தார். அவருக்குப் பின் அந்த வரலாற்றுப் பிரிவு தேய்ந்து தன் முக்கியத்துவத்தை இழந்தது. சுமார் 1,000 அதிகாரிகளை மட்டும் கொண்டு உலகம் முழுவதற்கும் ஈடுகொடுக்கும் இந்திய வெளியுறவுப் பணியில், பழைய கோப்பைப் படித்து இன்றைய பிரச்சினைக்குக் குறிப்பு எழுத யாருக்கு நேரம் இருக்கும்?

மூன்றாவது ஆட்சேபம் ரகசியம். நாட்டின் பாதுகாப்பு சார்ந்தவற்றை எப்படித் திறப்பது, திறக்கப்படும் என்று தெரிந்தால் அதிகாரிகள் மனம்விட்டு எழுதுவார்களா என்று கேட்கிறார்கள். இதற்கு நம் சட்டமே பதில் வைத்திருக்கிறது. 1993-ம் ஆண்டு பொது ஆவணங்கள் சட்டமும் 1997-ம் ஆண்டு விதிகளும் 25 ஆண்டு கடந்த ஆவணங்களைத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பச் சொல்கின்றன. 25 ஆண்டு என்பது ஓர் அதிகாரியின் பணிக்காலத்தின் பெரும்பகுதி. அதற்குப் பிறகும் வெளியே தெரியக் கூடாது என்று அவர் அஞ்சும் அறிவுரை, அன்றே தரத் தகுதியற்றதாகத்தான் இருந்திருக்கும். ஆனால் நடைமுறை வேறாக இருக்கிறது. சீனப் போரில் நம் தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் - பகத் அறிக்கை 1963-ல் முடிந்தது. அரசு இதுவரை அதை வெளியிடவில்லை. அதன் ஒரு பகுதியை 2014-ல் இணையத்தில் போட்டவர் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையாளர். 2021 மே 31 அன்று ஓய்வூதிய விதிகளில் செய்த திருத்தம், உளவு மற்றும் பாதுகாப்பு அமைப்புகளில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்கள் தம் துறை சார்ந்து எதை வெளியிடவும் முன்அனுமதி வாங்க வேண்டும் என்கிறது. மீறினால் ஓய்வூதியத்துக்கே ஆபத்து. தூதர்கள் எல்லோரையும் இது நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்பது சரி. ஆனால் ஓய்வுபெற்ற அதிகாரியின் பேனாவின் மேல் ஓய்வூதியத்தைத் தொங்கவிடும் அரசு, பணியில் இருப்பவருக்கும் ஒரு செய்தி சொல்லிவிடுகிறது. ரகசியத்தை வெளியிட்டால் தண்டிக்க அலுவல் ரகசியச் சட்டம் ஏற்கெனவே உண்டு.

இந்த விஷயத்தில் தமிழர்களைவிட அதிக அக்கறை வேறு யாருக்கு இருக்க முடியும்? 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தம் எப்படி உருவானது, அமைதிப்படையை அனுப்பும் முடிவில் யார் என்ன எச்சரித்தார்கள் என்பதை நாம் பெரும்பாலும் நினைவுக்குறிப்புகளிலிருந்துதான் அறிகிறோம். அப்போது கொழும்பில் தூதராக இருந்த ஜே.என். தீட்சித் பின்னர் ஒரு நூல் எழுதினார். 2009 இறுதிப் போரின்போது வெளியுறவுச் செயலராக இருந்த சிவசங்கர் மேனன் தன் நூலில் ஓர் அத்தியாயத்தை அதற்கு ஒதுக்கினார். இருவரும் கற்றறிந்தவர்கள், அவர்கள் எழுதியதை மதிக்கிறேன். ஆனால் முடிவெடுத்த அறையில் இருந்தவர் பின்னாளில் தன் நினைவிலிருந்து சொல்வதை, அன்று எழுதிய கோப்போடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் அது வரலாறு ஆகும். இல்லையென்றால் ஒரு தரப்பின் வாக்குமூலமாகவே நிற்கும். 1987-ஐ ஒட்டிய ஆண்டுகளின் கோப்புகளுக்கு 25 ஆண்டுக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. தமிழ்நாட்டிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போயிருக்கும் உறுப்பினர்கள், கட்சி பேதமின்றி, வெளியுறவு அமைச்சரிடம் ஒரே ஒரு கேள்வியை எழுத்துமூலம் கேட்க வேண்டும்: 1983 முதல் 1990 வரையிலான இலங்கைக் கோப்புகளில் எத்தனை தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போயின, மீதி எப்போது போகும்?