முப்பரிமாணப் படமும் கேக்காத ஒரு கேள்வியும்

அம்மாவுக்குக் கீழ்த்தாடையில கடவாய்ப்பல் ஒண்ணு போய் நாலு வருஷம் ஆச்சு. கழட்டி மாட்டுற பல்லு வேண்டவே வேண்டாம்னுட்டாங்க. சரி, இம்ப்ளாண்ட் வெச்சுடலாம்னு ஒரு கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனேன். பேர் வேண்டாம், வம்பு எதுக்கு?

உள்ளே நுழைஞ்சா விண்கலத்துக்குள்ள ஏறின மாதிரி இருந்துச்சு. சிபிசிடி ஸ்கேனாம். அம்மா தலையைச் சுத்தி மெஷின் ஒரு ரவுண்டு வந்துச்சு, அடுத்த சில நிமிஷத்துல அவங்க தாடையெலும்பு முப்பரிமாணத்துல டிவியில சுத்துது. "எல்லாம் கம்ப்யூட்டரே பாத்துக்கும் சார்"னாங்க. நானும் வாயைப் பொளந்துக்கிட்டு கார்டை நீட்டினேன்.

எட்டே மாசம். பல்லு ஆட ஆரம்பிச்சிடுச்சு.

கிளினிக்ல சரியான பதில் இல்லை. வேற ஒரு டாக்டர்கிட்ட போனோம். பழைய மரநாற்காலி, சுவத்துல காலண்டர். அவர் வாயைத் திறக்கச் சொல்றதுக்கு முன்னாடியே கேட்டார்: "அம்மாவுக்கு சுகர் இருக்கா? ஹெச்பிஏ1சி எவ்வளவு?" டெஸ்ட் எடுத்துப் பாத்தா ஒன்பதுக்கு மேல! அந்த விண்கலத்துல யாருமே இதைக் கேக்கலைங்க.

சர்க்கரையாலதான் ஆடிச்சுன்னு நான் அடிச்சுச் சொல்லலை. ஆனா சர்க்கரை கட்டுக்குள்ள இல்லாதவங்களுக்கு ஆபத்து அதிகம்னு பல் டாக்டர் படிச்ச எல்லாருக்கும் தெரியும். கேக்காம விட்டது தப்பா இல்லையா?

அடுத்த கூத்தைக் கேளுங்க. மேல இருக்குற பல்லு மட்டும் லூசா, இல்லை உள்ளே இருக்குற டைட்டானியமே ஆடுதான்னு பாக்க திருகைக் கழட்டணும். கம்பெனிக்குக் கம்பெனி ஸ்க்ரூடிரைவர் வேற. எங்க பில்லுல என்ன இருந்துச்சு தெரியுமா? "இம்ப்ளாண்ட் - 1". அவ்வளவுதான். ஸ்கேன் ஃபைல் கேட்டா, கலர் பிரிண்ட் ஒண்ணுதான் கொடுத்திருந்தாங்க. எக்ஸ்ரேவை வெச்சு யூகிச்சு, ஒவ்வொண்ணா மாட்டிப் பாத்துக் கழட்டினார் மனுஷன். கடைசியில இம்ப்ளாண்டையே எடுக்க வேண்டியதாப் போச்சு.

உடனே "தொழில்நுட்பமே டுபாக்கூர்"னு சொல்ல வரேன்னு நினைக்காதீங்க. சாதா எக்ஸ்ரே எலும்பைத் தட்டையாக் காட்டும், அகலம் தெரியாது. கீழ்த்தாடைக்குள்ள ஒரு நரம்பு ஓடுது. ட்ரில் அதுல பட்டா உதடும் தாடையும் மரத்துப் போகலாம். அது எவ்வளவு ஆழத்துல இருக்குன்னு சிபிசிடி காட்டும். அந்தப் படத்தோட வாயை ஸ்கேன் பண்ணின படத்தையும் சேத்து, த்ரீடி பிரிண்டர்ல ஒரு கைடு செஞ்சா, எந்தக் கோணத்துல எவ்வளவு ஆழம் துளை போடணும்னு முன்கூட்டியே முடிவு பண்ணலாம். அருமையான விஷயம்தான்.

ஆனா மெஷின் காட்டுறது எலும்போட வடிவத்தை. அந்த எலும்பு டைட்டானியத்தைப் பிடிச்சுக்குமாங்கறது உடம்பு செய்யற வேலை. அதுக்கு மாசக்கணக்குல ஆகும். சர்க்கரை, சிகரெட், ஈறு நோய், எலும்புத் தேய்மானத்துக்குச் சாப்பிடற மாத்திரை, இதெல்லாம் எந்த ஸ்கேன்லயும் எழுதி வராது. வாயைத் திறந்து கேட்டாத்தான் தெரியும்!

1965-ல ஸ்வீடன்ல பிரானெமார்க், யோஸ்தா லார்சன்ங்கறவருக்கு டைட்டானியம் இம்ப்ளாண்ட் வெச்சார். அப்போ சிபிசிடி ஏது, த்ரீடி பிரிண்டர் ஏது? 2006-ல லார்சன் சாகிற வரைக்கும், நாப்பது வருஷம், அது வேலை செஞ்சுது. மெஷின் இல்லாமலே செய்யணும்னு இதைச் சொல்லலை. மெஷினே வைத்தியம் ஆயிடாதுன்னு சொல்றேன்.

அதனால மக்களே, டிவியில தாடை சுத்தறதைப் பாத்து மயங்காதீங்க. உங்க வியாதி, மாத்திரை எல்லாத்தையும் கேக்கறாங்களான்னு பாருங்க. கேக்கலைன்னா நீங்களே சொல்லுங்க. இம்ப்ளாண்ட் கம்பெனி பேர், சைஸ், லாட் நம்பர் எழுதி வாங்குங்க. ஸ்கேனை ஃபைலாவே கேட்டு வாங்குங்க. காசு கொடுத்தது நாமதானே?

அம்மா இப்போ தினமும் சாயங்காலம் நடக்கறாங்க. சர்க்கரை இறங்கினதும் மறுபடி யோசிக்கலாம்னு அந்த மரநாற்காலி டாக்டர் சொல்லியிருக்கார். அதுவரைக்கும் முறுக்கு ஒரு பக்கமாத்தான்.