பப்பாளிப்பாலும் பழைய பிலிமும்

ஆட்டிறைச்சி முற்றலாக இருந்தால் பப்பாளிக்காயைத் துருவிப் பிசறி வைப்பது நம் வீடுகளின் பழைய வழக்கம். இறைச்சியை மெதுவாக்குவது பப்பாளிப்பாலில் உள்ள பப்பாயின் என்ற நொதி. புரதத்தைச் சிறு துண்டுகளாக வெட்டுவதுதான் அதன் வேலை. படிவம் 4 உயிரியலில் பிள்ளைகள் 'என்சைம்' என்று மனப்பாடம் செய்வது இதைத்தான்.

அந்த வேலையைக் கண்ணால் பார்க்க, கழுவி எடுத்த பழைய கறுப்பு பிலிம் போதும். பிளாஸ்டிக் தாளின்மேல் ஜெலட்டின் பூசி, அதற்குள் வெள்ளித் துகள்களைப் பிடித்து வைத்திருப்பதே பிலிம். ஜெலட்டின், மாட்டின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கும் புரதம். அது கரைந்தால் வெள்ளி உதிர்ந்துவிடும்; கறுப்பு போய் பிளாஸ்டிக் தெளியும்.

ஒரே அளவில் மூன்று துண்டுகள் வெட்டுங்கள். ஒன்றை வெறும் நீரிலும், ஒன்றைப் பப்பாளிப்பால் கலந்த நீரிலும், மற்றதைக் கொதிக்க வைத்து ஆற்றிய அதே கலவையிலும் போடுங்கள். மூன்று குவளைகளும் சுமார் 40 டிகிரி வெந்நீரில் நிற்கட்டும். எது எத்தனை நிமிடத்தில் தெளிகிறது என்று பிள்ளையே குறிக்கட்டும். நன்றாகக் கொதித்த கலவையில் நொதி சிதைந்திருக்கும்; அந்தத் துண்டு கறுப்பாகவே கிடக்கும். பப்பாளிப்பால் கையிலும் கண்ணிலும் பட்டால் எரியும். கையுறை அவசியம்.

பிலிமுக்கு எங்கே போவது? மருத்துவருக்கு இனித் தேவைப்படாத பழைய எக்ஸ்ரே பிலிமின் கறுப்பு ஓரம் உதவும். அலமாரியில் இருக்கும் குடும்ப நெகட்டிவில் மட்டும் கத்தரியை வைக்காதீர்கள்.

ஏனென்றால் அங்கே இதே சோதனை யாரும் கேட்காமலே நடந்துகொண்டிருக்கலாம். நம் ஊர் ஈரக்காற்றில் நெகட்டிவின்மேல் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சையும் நொதி சுரந்துதான் ஜெலட்டினைத் தின்கிறது. வெள்ளையாகப் படரும் புள்ளிகளும் நூல்களும் அதன் அடையாளம்.

பத்தாங் பெர்ஜுந்தாய் 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை ஹென்றி ஃபோக்கோனியே தொடங்கியது வரலாற்று நூல்களில் இருக்கிறது. ஆனால் இந்த வட்டாரத்தில் பால் வெட்டிய, குலை சுமந்த நம் தாத்தா பாட்டிகளின் முகம் எந்த நூலில் இருக்கிறது? பல வீடுகளில் அந்தச் சிறிய நெகட்டிவ் துண்டில் மட்டும்தான்.

பூஞ்சை பிடித்ததைத் தண்ணீரில் கழுவாதீர்கள். இளகிய ஜெலட்டின் படத்தோடு கரைந்து போகும். காகித உறையில் போட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். கணினியின் வெண்திரைக்குச் சற்று முன்னால் நெகட்டிவைப் பிடித்துக் கைப்பேசியில் படமெடுத்து, நிறத்தைத் தலைகீழாக மாற்றினால் முகம் தெரியும். அது யார், எந்தத் தோட்டம், எந்த வருடம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். இந்த விடுமுறையில் பிள்ளைகளுக்கு இரண்டு வேலையையும் கொடுங்கள்.