மஞ்சள் அட்டை மலேரியாவைத் தடுக்காது

கென்யாவுக்குச் சிங்கம் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு இங்கே எல்லோரும் சொல்வது இதுதான்: "மஞ்சள் காய்ச்சல் ஊசியப் போட்டுடுங்க, கென்யாக்காரன் கேப்பான். அது இருந்தா வேற கவலையில்ல." இரண்டுமே தவறு.

ஊசி போட்டதற்கான சான்றிதழான மஞ்சள் அட்டையைக் கறாராகக் கேட்பது கென்யா அல்ல, நாம்தான். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளிலிருந்து வருபவர்களுக்குத்தான் கென்யாவின் விதி. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. ஆனால் கென்யாவின் மாசாய் மாராவைப் பார்த்துவிட்டுச் சென்னையில் இறங்கும்போது சான்றிதழ் இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். வீண் கெடுபிடி என்று இதைத் திட்டுகிறவர்கள் தங்கள் மொட்டை மாடித் தொட்டியை எட்டிப் பார்க்கட்டும். அங்கே முட்டையிடும், டெங்குவைப் பரப்பும் அதே ஏடிஸ் கொசுதான் மஞ்சள் காய்ச்சலையும் பரப்பும். கொசு தயார், கிருமிதான் இன்னும் வரவில்லை. வராது என்றும் சொல்ல முடியாது: 2016-இல் அங்கோலாவிலிருந்து சீனா திரும்பிய 11 பேருக்கு இந்தக் காய்ச்சல் உறுதியானது.

பத்து வருடத்துக்கொரு முறை போட வேண்டும் என்பது பழைய கதை. 2016 ஜூலை 11 முதல் ஒரே ஊசிக்கான சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். ஆனால் போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகே செல்லும். கிளம்புவதற்கு முந்தின நாள் கிண்டி கிங் நிலையத்துக்கு ஓடினால், காட்டில் சுற்றும்போது கையில் அட்டை இருக்கும், உடம்பில் எதிர்ப்புச் சக்தி இருக்காது. இந்த ஊசியில் இருப்பது வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ் என்பதால் அறுபது வயதைத் தொட்டவர்களும் முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் போட்டுக்கொள்ளக் கூடாது.

"வேற கவலையில்ல" என்பதுதான் ஆபத்தான பேச்சு. மாலை மங்கியதும் கூடாரத்துக்கு வெளியே நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் நேரத்தில் மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலஸ் கொசு கிளம்பிவிடும். இப்போதுள்ள மலேரியாத் தடுப்பூசிகள் ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கானவை. சுற்றுலா போகிறவருக்கு மாத்திரைதான், கூடவே கொசுவலையும் முழுக்கைச் சட்டையும். அட்டோவாக்குவோன்-புரோகுவானில் என்றால் போவதற்கு ஓரிரு நாள் முன்பே தொடங்கி, திரும்பிய பின்னும் ஏழு நாள். டாக்சிசைக்ளின் என்றால் நான்கு வாரம். கடைசி நாள் கடித்த கொசு ஏற்றிய கிருமி கல்லீரலில் பதுங்கியிருந்துவிட்டுத்தான் ரத்தத்துக்கு வரும். எந்த அதிகாரியும் கேட்பதில்லை என்பதாலேயே வீடு வந்ததும் பலர் மாத்திரையை மறந்துவிடுகிறார்கள்.

டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ ஊசிகளையும் யாரும் கேட்க மாட்டார்கள். தேவையா என்று மருத்துவரிடம் நாம்தான் கேட்க வேண்டும். திரும்பி வந்து சில வாரம் கழித்துக் காய்ச்சல் அடித்தாலும் பாராசிட்டமாலோடு படுத்துவிடாமல், ஆப்பிரிக்கா போய் வந்ததை மருத்துவரிடம் முதலில் சொல்லி, அன்றைக்கே மலேரியாவுக்கு ரத்தம் சோதிக்க வேண்டும்.