குழூஉக்குறி

ஒரு கூட்டத்தார் தமக்குள் வழங்கும் மொழியை ஆங்கிலம் ‘ஜார்கன்’ என்னும். பழைய பிரெஞ்சில் அச்சொல் பறவைகளின் கீச்சொலியைக் குறித்தது. பொருள் விளங்காத வெளியார் இட்ட பெயர் போலும்! தமிழிலோ அது குழூஉக்குறி. குழுவினர் தமக்குள் வைத்துக்கொண்ட அடையாளம். 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தியார் இதனை இடக்கரடக்கல், மங்கலம் ஆகியவற்றோடு தகுதி வழக்கில் சேர்த்தார். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதும், வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பதும் உரைகள் காட்டும் சான்றுகள். குடித்தவன் உள்ளதைச் சொல்லிவிடுவான் அல்லவா!

வேடரைக் கண்டறியாத நம் மாணவரும் இம்மூன்றையே தேர்வில் எழுதுகின்றனர். தந்தையார் கடையில் நாளும் கேட்கும் வணிகக் குறிச்சொல் அவர்க்கு இலக்கணமாகத் தோன்றுவதில்லை. கொச்சையென அதனை ஒதுக்கக் கற்பித்தவர் ஆசிரியராகிய நாமே. பவணந்தியார் ஒதுக்கினாரில்லை. நாம் வகுப்பில் பேசும் ‘குற்றியலுகர’மும் ‘அளபெடை’யும் சந்தைத் தரகர் செவிக்குக் கீச்சொலியே ஆகும்.

மாணவர் தத்தம் குடும்பத் தொழிற்சொற்களைத் தொகுத்துத் துறைக்கு அளிக்கலாம். கடை மறை வெளிப்படுமே எனப் பெரியோர் தயங்குதல் இயல்பு. வழக்கொழிந்த சொற்களையேனும் அவர்கள் தந்துதவ வேண்டுகிறோம்.