வாழ்த்துப்பா போதாது, வரலாறு வேண்டும்

சான்றோரை நாம் போற்றுகிறோம், அறிய முயல்வதில்லை. மணிவிழாவில் வாழ்த்துப்பா பாடுகிறோம். மறைந்தபின் இரங்கற்கூட்டம் நடத்துகிறோம். இவ்விரண்டிற்கும் இடையே வாழ்ந்த மனிதர் எங்கே போனார்?

கோவை தந்த ஜி.டி.நாயுடு அவர்களையே எடுத்துக்கொள்வோம். 1893-இல் சூலூரை அடுத்த கலங்கலில் பிறந்தவர், பள்ளிப் படிப்பில் நாட்டங்கொள்ளாதவர், 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பேருந்தைத் தாமே ஓட்டித் தொழில் தொடங்கியவர், டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து 1937-இல் மின்மோட்டாரை உருவாக்கியவர். அம்மோட்டார் இயங்கும் முறையைப் பொறியியல் விளக்கிவிடும். ஆனால், பள்ளியை விரும்பாத ஒருவர் 1945-இல் கோவையில் பொறியியற் கல்லூரி தோன்ற முன்னின்றது ஏன்? தாம் படைத்த பொருள்களையே வரிக்கொள்கையைக் கண்டித்துப் பலரறிய உடைத்தது ஏன்? இவற்றிற்கு எந்தச் சூத்திரமும் விடை தராது. அவர் வாழ்ந்த காலம், பிறந்த மண், அன்றைய அரசு, அவர்தம் பிடிவாதம் ஆகியவற்றை ஒருங்கே காணும் கண் வேண்டும். அக்கண்ணைத் தருவன வரலாறும் இலக்கியமுமே. கலைப்பாடம் பயில்வோரை இரண்டாந்தரமாக எண்ணும் பெற்றோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

வாழ்க்கை வரலாறு எழுதுவோர்க்குத் துணிவும் வேண்டும். உ.வே.சாமிநாதையர் தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரத்தை 1933, 1934-ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்டார். அதில் ஆசிரியரின் புலமையோடு அவர் பட்ட வறுமையையும் மறையாது எழுதினார்.

இறந்தவர் குறையைப் பேசலாகாது என்பது மார்க்கம் நமக்குக் கற்பித்த பண்பு. ஆயினும், நபிமொழியை அறிவித்தவர் யார், யாரிடம் கேட்டார், அவர் நினைவாற்றல் எத்தகையது என்று துருவி ஆராய்ந்து, குறை கண்டவிடத்துப் பதிந்து வைத்தவர்களும் நம் முன்னோர்களே. புறங்கூறுதல் வேறு, உண்மை தேடுதல் வேறு. இவ்வேறுபாட்டை உணர்ந்தால் பெரியோர்களின் தயக்கம் நீங்கும்.

மாணவச் செல்வங்களே! கோட்டைமேட்டிலும் உக்கடத்திலும் வணிகத்தாலும் உழைப்பாலும் உயர்ந்த முதியோர் பலர் உங்கள் தெருவிலேயே இருக்கின்றனர். விடுமுறையில் ஒருவரிடம் சென்று அமருங்கள். அவர் சொல்வதைக் கேளுங்கள், பிறரிடம் உசாவுங்கள், பழைய கடிதங்களோடும் கணக்கேடுகளோடும் ஒப்புநோக்குங்கள், பிறகு எழுதுங்கள். அடுத்த மலர் வாழ்த்துப்பாக்களால் அன்றி அத்தகைய வரலாறுகளால் நிறையட்டும். அவர்கள் நினைவு தெளிவாக இருக்கும்போதே கேட்டுவிடுவோம். நாளை கேட்க நாம் இருப்போம், சொல்ல அவர்கள் இரார்.