மரபணு பார்க்காமலே காத்த மாத்திரை

கீரையிலும் பருப்பிலும் உள்ள ஃபோலேட் உடம்புக்குள் போனதும் அப்படியே பயன்பட்டுவிடுவதில்லை. எம்டிஎச்எஃப்ஆர் என்ற நொதி அதைப் பக்குவப்படுத்த வேண்டும். அந்த நொதிக்கான மரபணுவில் 677ஆம் இடத்தில் ஓர் எழுத்து மாறி, அந்த மாற்றம் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் நொதியின் திறன் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ஏறுகிறது. கருவில் குழந்தையின் முதுகுத்தண்டு சரியாக மூடாமல் போகும் அபாயமும் கூடுகிறது. இதைச் சொல்லித்தான் மரபணுப் பரிசோதனைகள் விற்கப்படுகின்றன. ஆனால் ஃபோலேட் போதிய அளவு கிடைப்பவர்களிடம், அந்த மாற்றம் இருந்தாலும், ஹோமோசிஸ்டீன் பெரிதாக ஏறுவதில்லை. இதைத்தான் உரக்கச் சொல்ல வேண்டும்.

1991இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் வெளியிட்ட ஆய்வில், முன்பு முதுகுத்தண்டு மூடாத குறையோடு குழந்தை பெற்ற தாய்மார்களுக்குக் கருத்தரிக்கும் காலத்தில் ஃபோலேட்டின் மாத்திரை வடிவமான ஃபோலிக் அமிலம் கொடுத்ததில், அக்குறை மீண்டும் வருவதை 72 சதவீதம் தடுக்க முடிந்தது. யாருக்கும் மரபணு பார்த்து மாத்திரை கொடுக்கவில்லை. அப்படியானால் பரிசோதனையே வீணா என்று கேட்கலாம். இல்லை. ஃபினைல்கீட்டோனூரியா என்ற பிறவி வளர்சிதைக் கோளாறு உள்ள சிசுவுக்குக் குதிகாலில் எடுக்கும் சில சொட்டு ரத்தம் மூளையையே காப்பாற்றும். அங்கே முடிவைப் பார்த்து உணவு முழுவதும் மாறுகிறது. எல்லோருக்கும் போய்ச் சேர மாவில் ஃபோலிக் அமிலம் சேர்த்தால் பி12 குறைபாடு வெளியே தெரியாமல் போகலாம் என்ற அச்சமும் நியாயமானதே. அதற்காக பி12ஐயும் கவனிக்க வேண்டும், ஃபோலிக் அமிலத்தைக் கைவிடக்கூடாது. எம்டிஎச்எஃப்ஆர் முடிவு எப்படி வந்தாலும், கருத்தரிக்க நினைக்கும் பெண்ணுக்கு வழக்கமாகப் பரிந்துரைக்கப்படுவது அதே 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம்தான்.