பழைய காரும் புதிய கைகளும்

ஒரு காலத்தில் ஊரே கூடி நின்று வேடிக்கை பார்த்த கார்கள், இன்று வேப்பமரத்தடியிலும் மாட்டுத் தொழுவின் ஓரத்திலும் கோழிகள் அடையும் கூடாகக் கிடக்கின்றன. கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களுக்குச் செல்வோர் இக்காட்சியைக் காணலாம். இத்தகைய காரை எடைக்குப் போட்டுவிடுவதா? நம் மனம்போல் வெட்டி ஒட்டிப் புதுமை செய்வதா? அல்லது வீட்டிலேயே பொறுமையாகச் சீர்செய்து மீண்டும் ஓடவிடுவதா? மூன்றாவதே சிறந்தது என்பது நம் கருத்து. அவ்வேலையில் பெண்பிள்ளைகளாகிய நாமும் கை வைக்க வேண்டும் என்பதும் நம் கருத்தே.

நம் நாட்டில் பழைய கார் என்றதும் நினைவுக்கு வருவது அம்பாசிடர்தான். 1942-இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை மாதிரியாகக் கொண்டு, மேற்கு வங்காளத்திலுள்ள உத்தர்பாராவில் 1950-களின் இறுதியில் இதனைத் தயாரிக்கத் தொடங்கியது. அமைச்சர்களும் மருத்துவர்களும் மாப்பிள்ளைகளும் ஒரே வகைக் காரில் பயணம் செய்த காலம் அது. 2014 மே மாதத்தில் அதன் உற்பத்தி நின்றுபோனது. இனிப் புதிய அம்பாசிடர் அங்கிருந்து வரப்போவதில்லை. ஆகவே, இருப்பவற்றைக் காப்பதே நம்மால் ஆவது.

சீர்செய்வதென்றால் பலர் பளபளக்கும் பெயிண்டையே நினைக்கின்றனர். ஆனால் வேலை தொடங்க வேண்டிய இடம் காரின் அடிப்பாகம். நம் கரிசல் மண்ணின் குணத்தை நாம் அறிவோம். கோடையில் கால் நுழையுமளவு பிளந்து கிடக்கும்; ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிப் பெருத்துக் களியாகி, சக்கரத்தை விடாமல் பற்றிக்கொள்ளும். பருத்திக்கு நீரைச் சேர்த்து வைக்கும் அதே குணம் காருக்குப் பகையாகிறது. மட்கார்டின் உட்புறத்தில் அப்பிய களிமண் நாள்கணக்கில் ஈரத்தை வைத்திருந்து இரும்பைத் துருப்பிடிக்கச் செய்கிறது. அம்பாசிடருக்கு லாரியைப் போலத் தனிச் சேஸிஸ் கிடையாது. உடலே சேஸிஸாக நின்று பாரத்தைத் தாங்குகிறது. எனவே தரைத் தகட்டில் ஓட்டை விழுந்தால் அது வெறும் ஓட்டையன்று, காரின் முதுகெலும்பில் விழுந்த நோய். அதன்மேல் பட்டி பூசிப் பெயிண்ட் அடித்தால் அடுத்த மழைக்குள் கொப்புளம் கிளம்பிவிடும். துருவை வெட்டியெடுத்து, நல்ல தகட்டை வைத்து வெல்டிங் செய்வதே முறை. இதற்கு டிங்கர் வேலை அறிந்தவரை அழைக்கத்தான் வேண்டும். ஆனால் மண்ணைக் கழுவி, துருவைத் தட்டிப் பார்த்து, எங்கே தகடு இளைத்திருக்கிறது என்று சாக்பீஸால் குறித்து வைப்பதை வீட்டாரே செய்யலாம்.

மற்ற வேலைகளிலும் வீட்டாருக்குப் பங்கு நிறைய உண்டு. கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் நட்டையும் தனித்தனி மிட்டாய் டப்பாக்களில் இட்டுப் பெயர் எழுதி ஒட்டலாம். எந்த ஒயர் எங்கே செல்கிறது என்று நோட்டில் படம் வரையலாம். வகுப்பில் நாம் மனப்பாடம் செய்யும் பாஸ்கல் விதி பிரேக்கிலும், மின்காந்தத் தூண்டல் டைனமோவிலும், நெம்புகோல் தத்துவம் ஒவ்வொரு ஸ்பானரிலும் இருப்பதைக் கண்ணால் காணலாம். இதைவிடச் சிறந்த ஆய்வுக்கூடம் ஏது?

அதே வேளையில் எச்சரிக்கையும் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் ஒருவரும் நுழையலாகாது. உறுதியான இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்திய பின்னரே நுழைய வேண்டும். பழைய பிரேக் லைனிங்குகளில் கல்நார் கலந்திருப்பதுண்டு. அத்தூசி நுரையீரலுக்குக் கேடு. காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக் கூடுமாதலால், காய்ந்த நிலையில் தேய்ப்பதும் ஆகாது.

இனி, மாற்றம் செய்யலாமா என்ற கேள்விக்கு வருவோம். எந்த மாற்றமுமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. 1990-களில் அம்பாசிடரைத் தயாரித்தவர்களே அதற்கு ஜப்பானின் இசுசு என்ஜினைப் பொருத்தினார்கள். காலமும் சில மாற்றங்களைக் கேட்கிறது. 2000-ஆம் ஆண்டில் நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. அந்த ஈயத்தைத் துணையாகக் கொண்டிருந்த பழைய என்ஜின்களின் வால்வு சீட்டுகள் விரைவில் தேயுமாதலால், கடினமான உலோகத்தில் அவற்றை மாற்ற வேண்டியுள்ளது. இப்போது பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. அது பழைய ரப்பர்க் குழாய்களை அரிக்கும். அதைத் தாங்கும் குழாய்களைப் போடாவிட்டால் பெட்ரோல் கசிந்து தீப்பிடிக்கவும் கூடும். சீட் பெல்ட் பொருத்துவதையும் யார் குறை கூற முடியும்? உயிரைக் காக்கும் மாற்றங்கள் காரின் மதிப்பைக் குறைப்பதில்லை.

ஆனால் கூரையை வெட்டுவதும், பெரிய என்ஜினைத் திணிப்பதும், காது கிழியும் சைலன்ஸர் மாட்டுவதும் வேறு வகை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து ஆர்.சி. புத்தக விவரங்கள் வேறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. 2021-இல் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதி வகுத்தது. முதற்பதிவாகி 50 ஆண்டுகள் கடந்து, உடற்கூடும் சேஸிஸும் என்ஜினும் பெருமாற்றமின்றி இருக்கும் சொந்த வாகனங்களுக்கு, 'வி.ஏ.' என்ற எழுத்துகள் கொண்ட தனி எண் தரப்படுகிறது. அன்றாடப் போக்குவரத்துக்கு அதனைப் பயன்படுத்தக் கூடாது. கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் பழுதுபார்க்கவும் ஓட்டலாம். இன்று ஆசைக்கு வெட்டிவிட்டால் நாளை இப்பெருமை கிட்டாது. வெட்டிய தகட்டை ஒட்டலாம். இழந்த வரலாற்றை ஒட்ட முடியுமா?

வானம் பார்த்த பூமியில், பருத்தி விலையையும் தீப்பெட்டிக் கூலியையும் எண்ணி வாழும் குடும்பங்களிடையே இது வீண் செலவல்லவா என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கடன் வாங்கிச் செய்ய வேண்டிய வேலை இதுவன்று. மாதம் ஒரு பாகமாக, கைப்பணத்துக்கு ஏற்ப, ஆண்டுக்கணக்கிலும் செய்யலாம். பழைய கார் அதிகம் புகை கக்கும் என்பதும் உண்மையே. அதனால்தான் என்ஜினைச் செம்மையாக வைத்து, அளவாக ஓட்ட வேண்டும் என்கிறோம். ஆனால் வரவுக் கணக்கில் ஒன்றையும் சேர்க்க வேண்டும். கிணற்று மோட்டார் நின்றுபோனால் பயிர் வாடும் ஊர் நம் ஊர். ஒரு காரைக் கழற்றி மாட்டக் கற்ற கை, மோட்டாரையும் மிக்ஸியையும் தையல் இயந்திரத்தையும் கண்டு அஞ்சாது. அக்கை பெண்ணின் கையாக இருந்தால் குடும்பத்துக்கு இரட்டிப்புப் பலம்.

"கிரீஸில் கைவைக்காதே, உள்ளே போ" என்ற சொல்லை நம்மில் கேளாதவர் சிலரே. தம்பிக்குக் கிடைக்கும் ஸ்பானர் அக்காளுக்குக் கிடைப்பதில்லை. ஆனால் கார் வரலாற்றின் முதல் நெடும்பயணத்தைச் செய்தவர் ஒரு பெண்மணி. 1888-இல் ஜெர்மனியில் பெர்தா பென்ஸ் என்ற தாய், கணவருக்குச் சொல்லாமல், தம் இரு மகன்களுடன் மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை சுமார் 100 கிலோமீட்டர் காரில் சென்றார். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தித் திறந்தார். பிரேக் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் அடிக்கச் செய்தார். அவருக்கு மெக்கானிக் பட்டறை எங்கே இருந்தது? நம் கோவையின் ஜி.டி. நாயுடு அவர்களும் பள்ளிப் படிப்பை முடிக்காதவரே. ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் பூட்டிக் கற்றவர், 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டினார். பின்னர் பெரும் தொழில் மேதையானார்.

எனவே பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள்: வீட்டில் பழைய வாகனம் இருந்தால், அதை விற்கும் முன் ஒருமுறை உங்கள் மகளை அருகில் நிறுத்தி பானட்டைத் திறந்து காட்டுங்கள். நம் மதிப்பிற்குரிய அருட்சகோதரிகளிடமும் ஒரு விண்ணப்பம்: ஓடாத பழைய என்ஜின் ஒன்று நம் அறிவியல் மன்றத்துக்குக் கிடைக்குமாயின், சனிக்கிழமைதோறும் அதைக் கழற்றவும் மாட்டவும் நாங்கள் ஆயத்தமாயிருக்கிறோம். தோழியரே, கறுப்பு மண்ணில் நம் தாய்மார்களின் கைகள் அழுக்காயின. அதனால்தான் நாம் படிக்கிறோம். நம் கைகளும் சிறிது கறுப்பாகட்டுமே!